இருநூற்று எழுபத்தெட்டும் மூன்றும்

உங்களுக்கு உங்கள் ஓரகத்தி மேல் பொறாமை என்று பகாக்காவிடம் நேரில் போய்ச் சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "எனக்கு எதுக்குப் பொறாமை? அவ என் தங்கச்சி மாதிரி" என்பாள். 'மாதிரி'யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள். சொல்லிவிட்டு, கையில் இருக்கும் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், மிச்சத்தை நாமே தெரிந்துகொள்ளலாம்.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. பகாக்கா என்பது தண்ணீர் மீட்டர் பட்டறை வைத்த பெயர். வீடுகளில் ஓடி ஓடிக் களைத்த மீட்டர்களைக் கழற்றிக் கொண்டுவந்து கழுவி, பழுது பார்த்து, சோதித்துத் திருப்பி அனுப்புகிற இடம் அது. நீளமான கொட்டகை, எப்போதும் ஈரமான தரை, எல்லார் காலிலும் ரப்பர் பூட்ஸ். பகாக்காவுக்குச் சோதனை மேசையில் வேலை. ஆறு மீட்டர்களை வரிசையாகப் பொருத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியில் விழுந்த அளவும் மீட்டர் காட்டும் அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடி முடிய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

மற்றவர்கள் அந்த நேரத்தில் ஊர்வம்பு பேசினார்கள். இவள் மீட்டரின் நெற்றியில் பொறித்திருந்த ஏழு இலக்க எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துப் பார்த்து அதை வகுக்கத் தொடங்கினாள். மூன்றால் போகுமா, ஏழால் போகுமா, பதினொன்றால் போகுமா என்று சோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கினாள். இரண்டு வருடத்தில் அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதற்கும் மசியாத பகா எண்களை ஒரு கெட்டி அட்டை நோட்டில் வரிசையாக எழுதி வைத்தாள். ஓர் எண் எதனாலாவது வகுபடுமா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் இருக்கிற பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் போவது வெட்டி வேலை என்பதை யாரும் சொல்லாமல் அவளே கண்டுபிடித்தாள்.

டீ நேரத்தில் இது ஒரு விளையாட்டாக வளர்ந்தது. ஃபோர்மேன் ஏதாவது ஒரு மீட்டரைத் தூக்கி எண்ணை வாசிப்பார். "பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து இருநூத்து முப்பத்து மூணு!" டம்ளர் பாதி காலியாவதற்குள் பகாக்கா சொல்லிவிடுவாள்: "ஏழு, பதினொண்ணு, பதிமூணு, இந்த மூணாலயும் போகும். மிச்சம் ஆயிரத்து இருநூத்து முப்பத்து மூணு. அது ஒன்பது தடவை நூத்து முப்பத்தேழு." யாராவது கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, "அடேங்கப்பா" என்பார்கள். அவள் ஒன்றுமே நடக்காதது போல டம்ளரைக் கழுவப் போய்விடுவாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கும் என்பது வேறு விஷயம்.

பெயர் வந்த கதை இதுதான். பட்டறை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய பித்தளை மீட்டர் இருக்கிறது. ஊரில் முதன்முதலில் பொருத்திய மீட்டர் அதுதான் என்பார்கள். அதன் எண் 3600199. எட்டு வருடங்களுக்கு முன்னால் புதிய சோதனை மேசையைத் திறந்துவைக்க மேலதிகாரிகள் வருவதாக இருந்தது. "வர்றவங்களுக்கு அந்த மீட்டரைக் காட்டுவோம். அதோட நம்பரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுவோம். நீ பாத்து வை" என்று ஃபோர்மேன் அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்த எண் சாமானியத்தில் பிடிகொடுக்கவில்லை. வர்க்கமூலம் 1897 சொச்சம். அதுவரைக்கும் பகா எண்கள் இருநூற்றுத் தொண்ணூறு. ஒன்றையும் விடாமல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீட்டர்களுக்கு நடுவே, இருபது இருபது நிமிடமாக, பத்தொன்பது நாள் வகுத்தாள். ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பதினொன்றால் போகவில்லை, பதிமூன்றால் போகவில்லை. நூறுகளைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டி, இருநூற்று எழுபத்தெட்டாவது எண்ணான 1789 வரைக்கும் வந்துவிட்டாள். இன்னும் பன்னிரண்டுதான் பாக்கி. அப்போது வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதிகாரிகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். ஃபோர்மேன் பெருமையாகத் திரும்பி, "என்னம்மா, எதால போகும்?" என்று கேட்டார்.

இருநூற்று எழுபத்தெட்டுக்கு மசியாதது பன்னிரண்டுக்கா மசியப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இந்தத் தப்பு உங்களுக்கும் எனக்கும் வராது. நாம் ஏழிலேயே கையைக் கழுவியிருப்போம். அத்தனை தூரம் ஏறியவளுக்குத்தான் வரும்.

"எதாலயும் போகாது சார். பகா எண்" என்றாள்.

அதிகாரிகள் கை தட்டினார்கள். ஃபோர்மேன் அன்றைக்கே பெட்டியின் கீழ்ச் சட்டத்தில் பெயிண்டால் எழுதினார்: எதனாலும் வகுபடாத எண். மறுநாள் மீதிப் பன்னிரண்டையும் பார்த்துவிடலாம் என்று அவள் வேலைக்கு வந்தால், வாசலிலேயே ஒருத்தன் "வாங்க பகாக்கா" என்றான். அதற்கப்புறம் அவளுக்குக் கை வரவில்லை. போகாவிட்டால் சரி, ஒருவேளை போய்விட்டால்? அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களை அவள் எட்டு வருடமாகத் திறக்கவே இல்லை.

இப்படி இருந்தவளின் வீட்டுக்குத்தான் கொழுந்தனின் பெண்டாட்டியாகச் சின்னவள் வந்து சேர்ந்தாள். வந்த ஒரே மாதத்தில், பட்டறையில் ஆள் குறைவாக இருந்ததால், பகாக்காவின் கணவரே தம்பி மனைவிக்காக ஃபோர்மேனிடம் பேசி அதே சோதனை மேசையில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். தன் வீட்டு நெருப்பைத் தானே ஊதிவிட்ட அந்த நல்ல மனிதருக்கு இன்றைக்கு வரைக்கும் அது தெரியாது.

மூன்றாவது நாள் டீ நேரத்தில் ஃபோர்மேன் வழக்கம்போல ஒரு மீட்டரைத் தூக்கினார். "முப்பத்திரண்டு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒண்ணு!"

"ஒன்பதால போகும்" என்றாள் பகாக்கா உடனே. "மிச்சம் மூணு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. இருங்க." அவள் ஏழில் தொடங்கி, பதினொன்று, பதிமூன்று என்று மனசுக்குள் ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்த சின்னவள் சாதாரணமாக, "ஐநூத்துத் தொண்ணூத்தொம்பதையும் அறுநூத்தி ஒண்ணையும் பெருக்கினா வருமேக்கா" என்றாள்.

கால்குலேட்டரைத் தட்டினார்கள். வந்தது. "எப்படிம்மா?" என்றார் ஃபோர்மேன்.

"அறுநூறை அறுநூறால பெருக்கினா மூணு லட்சத்து அறுபதாயிரம் சார். அதுல ஒண்ணு குறையுது. அப்போ அறுநூறுக்கு ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' பகாக்காவின் நெஞ்சில் போய்க் குத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டம்ளரைக் கழுவப் போனபோது அன்றைக்கு யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்துதான். பகாக்கா கீழேயிருந்து படிப்படியாக ஏறுவாள். சின்னவள் எங்கேயோ மேலே போய் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பாள். எல்லாத் தடவையும் சின்னவள் ஜெயித்தாள் என்றில்லை. ஆனால் ஜெயித்த தடவைகள்தான் பேச்சாயின. வீட்டிலும் நிம்மதி இல்லை. மாமியார் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "சின்னவ கைக்கு எதுவா இருந்தாலும் சட்டுனு ஆகிடுது பாரேன்" என்றாள். பகாக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் அவள் நிதானமாகச் செய்த ஒவ்வொரு வேலையையும் குறை சொன்ன மாதிரி இருந்தது.

சின்னவளாவது கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளாக இருந்திருக்கலாம். ஆசை தீரத் திட்டியிருக்கலாம். அவளோ, "அக்கா, அது சும்மா ஒரு குறுக்கு வழிதான். உக்காருங்க, ரெண்டு நிமிஷத்துல சொல்லித் தர்றேன்" என்று பின்னாலேயே வந்தாள். "எனக்குத் துணி ஊறுது" என்று பகாக்கா போய்விட்டாள். இரண்டாவது தடவை கேட்டபோது தலைவலி. மூன்றாவது தடவை காரணம் கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது வாரமே அவள் ஒரு காரியம் செய்தாள். ஃபோர்மேனிடம் போய், "சார், சோதனை மேசைக்கு நான் ஒருத்தி போதும். கழுவுற தொட்டியிலதான் ஆள் வேணும். சின்னவளை அங்க போடுங்க, வேலையை அடியிலேருந்து கத்துக்கட்டும்" என்று அக்கறையாகச் சொன்னாள். கழற்றி வருகிற மீட்டர்களில் சுண்ணாம்புக் கறை மேலே ஏறி, எண்ணே தெரியாமல் இருக்கும். அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கை எரியும், முதுகு வலிக்கும்.

ஆத்திரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். கறை போனதும் எண் முதலில் கண்ணில் படுவது தேய்க்கிறவளுக்குத்தான். சோதனைச் சீட்டில் எண்ணை எழுதி அனுப்புவதும் அவளே. மீட்டர் சோதனை மேசைக்கு வருகிறபோதே தினமும் ஒன்றிரண்டு சீட்டின் பின்பக்கத்தில் விடை உட்கார்ந்திருந்தது. சின்னவள் அதை அக்காவுக்கு ஒரு ஒத்தாசை என்று நினைத்துச் செய்தாள். பகாக்கா ஒவ்வொரு சீட்டையும் திருப்புவாள், பார்ப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆணியில் குத்துவாள்.

ஏழு மாதம் இப்படி ஓடியது. மாதக் கடைசியில் ஃபோர்மேன் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. போவதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டியின் பெயிண்ட் எழுத்தை எடுத்துவிட்டு, நிரந்தரமாக ஒரு தகடு பொருத்திவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. "எண்ணும் இருக்கும், எதாலயும் வகுபடாதுன்னும் இருக்கும், அடியில கண்டுபிடிச்சது யாருன்னு உன் முழுப்பேரும் இனிஷியலோட இருக்கும்" என்றார் பகாக்காவிடம். "நான் போனாலும் இது இருக்கும்மா."

பெயர் பொறித்த தகடு! எந்த மருமகளுக்கு இது கிடைக்கும்? அன்றைக்கு வீட்டில் அவள் எல்லாரிடமும் நன்றாகப் பேசினாள். சின்னவளிடம்கூடப் பேசினாள். சந்தோஷமும் பொறாமைக்காரிக்கு நிம்மதி தராது போலிருக்கிறது. தகடு வருவதற்குள் சின்னவள் ஒரு தடவையாவது தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் தகட்டை முழுசாக ரசிக்க முடியும் என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் அலமாரியில் மாதவாரியாகக் கட்டி வைத்திருந்த சீட்டுகளை இறக்கினாள். பின்பக்கத்தில் சின்னவள் விடை எழுதியிருந்தவற்றை மட்டும் பிரித்து, மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் சீட்டு. ஒன்றில்கூடத் தப்பில்லை.

முதல் மாதக் கட்டின் அடியில், மீட்டர் எண் எழுதாத ஒரு சீட்டு இருந்தது. தேதி, சின்னவள் வேலைக்கு வந்த நான்காம் நாள். திருப்பினாள். உச்சியில் 3600199. கீழே 1900 × 1900. அதன் கீழே 3610000. கழித்தால் 9801. பக்கத்தில் 99 × 99 என்று எழுதி ஒரு சின்னச் சரிக்குறி. அவ்வளவுதான்.

பகாக்காவுக்கு அந்த அறுநூறு ஞாபகம் வந்தது. ஒன்று கீழே, ஒன்று மேலே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குத் தொண்ணூற்றொன்பது கீழே 1801. தொண்ணூற்றொன்பது மேலே 1999. பெருக்கிப் பார்க்கத் தாளே வேண்டியிருக்கவில்லை. 1801ஐ இரண்டாயிரத்தால் பெருக்கி, ஒரு 1801ஐக் கழித்தால் முடிந்தது. 3600199.

அவள் வீட்டுக்குப் போனதும் அட்டை நோட்டை எடுத்துப் பார்த்தாள். 1789இல் நிறுத்தியிருந்தாள். அதற்கு அடுத்த பகா எண் 1801. இருநூற்று எழுபத்தொன்பதாவது. கார் கதவு இன்னும் கால் மணி நேரம் கழித்துச் சாத்தப்பட்டிருந்தால் அவளே பிடித்திருப்பாள்.

தப்பு தெரிந்துபோனதைவிட, சின்னவளுக்கு அது தெரியும் என்பதுதான் அவளைத் தின்றது. வந்த நான்காம் நாளே தெரியும். ஏழு மாதமாக அந்த வாசலைத் தாண்டித்தான் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போகிறார்கள். ஒரு தடவைகூட அவள் வாயைத் திறக்கவில்லை. தொட்டியில் கை எரிய நின்றபோதும் திறக்கவில்லை. தோற்கடித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். தன் பட்டப்பெயரே இத்தனை நாளும் சின்னவள் போட்ட பிச்சை என்று நினைத்தபோது பகாக்காவுக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது, ஆனால் பக்கத்து அறையில் சின்னவள் இருந்ததால் அழவில்லை.

தகடு மறுநாள் டீ நேரத்துக்கு வந்தது. ஃபோர்மேன் செய்தித்தாளைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினார். பளபளவென்று இருந்தது. அவளுடைய பெயர் இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சின்னவள் சாகிற வரைக்கும் சொல்ல மாட்டாள். அது பகாக்காவுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஃபோர்மேன் திருகாணியை எடுத்துக்கொண்டே விளையாட்டாகச் சின்னவளைப் பார்த்தார். "திருகினப்புறம் கழட்டக் கூடாது. நீயும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடும்மா."

"அக்கா பாத்தாச்சு இல்லீங்களா சார்? அதுக்கப்புறம் நான் என்ன பாக்குறது?" என்றாள் சின்னவள். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

அந்த நல்ல குணம்தான் பகாக்காவால் தாங்க முடியாததாக இருந்தது. சுவரில் அந்தத் தகடு இருக்கிற வரைக்கும், தினமும் காலையில், இவள் காட்டிய தயவின் அடியில் புகுந்து உள்ளே போக வேண்டும்.

"பொய் சொல்றா சார்" என்றாள் பகாக்கா. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அவ பாத்துட்டா. வந்த நாலாம் நாளே பாத்துட்டா. அது பகா எண் இல்ல. ஆயிரத்து எண்ணூத்தி ஒண்ணால போகும்."

"அக்கா!" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. எனக்காக ஒண்ணும் மறைக்க வேண்டாம்."

யாரோ கால்குலேட்டரைத் தட்டினார்கள். தட்டிவிட்டு, எப்போதும் போல "அடேங்கப்பா" என்று சொல்லாமல் ஃபோர்மேனிடம் நீட்டினார்கள். அவர் பார்த்தார். திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு எதாலயும் போகாதுன்னு சொன்னியேம்மா."

"பன்னிரண்டு பாக்கி வச்சுட்டுச் சொன்னேன் சார். அந்தப் பன்னிரண்டுல முதல்லயே இருந்திருக்கு."

"எத்தனை வகுத்திருந்தே?"

"இருநூத்து எழுபத்தெட்டு."

"அதுல தப்பு?"

"ஒண்ணுகூட இல்ல." இதைச் சொல்கிறபோது அவள் தலை தானாக நிமிர்ந்தது.

ஃபோர்மேன் சின்னவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எத்தனை ஆச்சு?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்று தெரிந்ததும் மெதுவாக, "மூணு சார்" என்றாள்.

யாராலும் அடக்க முடியவில்லை. கொட்டகையே சிரித்தது. ஃபோர்மேனும் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால் பகாக்கா வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் தகட்டைச் செய்தித்தாளில் மறுபடியும் சுற்றிக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கில்ல, பாப்போம்" என்று தன் அறைக்குப் போனார். அவர் நடையில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தது.

பகாக்கா கழுவும் தொட்டியிலிருந்து சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டியின் சட்டத்தில் இருந்த பெயிண்ட் எழுத்துகளைத் தானே சுரண்டினாள். 'எதனாலும்' போனது. 'வகுபடாத' போவதற்கு நேரம் பிடித்தது. உதவிக்கு வந்து நின்ற சின்னவளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பகாக்கா, ஆறு மீட்டரும் மேசைக்கு வந்தாச்சு" என்று உள்ளேயிருந்து ஒருத்தன் கத்திவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினார்கள். சமையலறையில் சின்னவள் அடுப்பைப் பற்றவைத்தாள், பகாக்கா அரிசியைக் களைந்தாள். மூன்று. இருநூற்று எழுபத்தெட்டு. பத்தொன்பது நாள் வகுத்தவள் ஒருத்தி, மூன்று தடவை பெருக்கிப் பார்த்தவள் ஒருத்தி. களைந்த தண்ணீரை ஊற்றுகிறபோதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உலை கொதித்தது. மாமியார் கூடத்தில் இருந்தாள். பகாக்கா கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

சின்னவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு அவசர அவசரமாகக் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, மூலையில் இருந்த மணையை இழுத்துப் போட்டாள்.

"சொல்றேன்க்கா. உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்குறேன்" என்றாள் பகாக்கா. "நீ சொல்லு."